விடுதலைக்குப் பிறகும் தீராத கணக்கு

செங்காங்கில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு,



ரிவர்வேல், காம்பஸ்வேல், அங்கர்வேல், ஃபெர்ன்வேல் என எந்தப் பக்கம் குடியிருந்தாலும், உங்களில் பலரது வீட்டில் ஓர் இல்லப் பணிப்பெண் இருக்கிறார். கணவன், மனைவி இருவரும் வேலைக்குக் கிளம்பிய பிறகு பிள்ளையைப் பாலர்பள்ளியில் விடுவது அவர். நடக்க முடியாத பெரியவரைச் சக்கர நாற்காலியில் வைத்து செங்காங் மருத்துவமனைக்குத் தள்ளிச் செல்வதும் அவர்தான். ரிவர்வேல் கிரசெண்டில் உள்ள வேல்முருகன் ஞானமுனீஸ்வரர் ஆலயத்தில் நீங்கள் அர்ச்சனைத் தட்டோடு வரிசையில் நிற்கும்போது, உங்கள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரமாய் நிற்கிறார். சிங்கப்பூர் முழுவதும் இப்படி ஏறத்தாழ 3 லட்சம் பெண்கள் வேலை செய்கிறார்கள். பெரும்பாலோர் இந்தோனேசியா, பிலிப்பீன்ஸ், மியன்மார் நாட்டவர். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்களும் உண்டு.

அவர்களில் ஒருவருக்கு நீதிமன்றம் தவறாகத் தண்டனை விதித்தது. பிறகு இன்னொரு நீதிமன்றம் அதைத் திருத்தியது. திருத்திய பிறகு அவருக்குக் கிடைத்த இழப்பீடு என்ன என்பதைச் சொல்லவும், அதில் உங்களுக்கு ஒரு பங்கு உண்டு என்று நினைவூட்டவுமே இந்த மடல்.

பார்த்தி லியானி என்ற பெயர் உங்களுக்கு நினைவிருக்கும். கிழக்கு ஜாவாவின் ங்கான்ஜுக் பகுதியைச் சேர்ந்தவர். 2007 முதல், சாங்கி விமான நிலையக் குழுமத்தின் தலைவராக இருந்த லியூ மன் லியோங்கின் வீட்டில் வேலை பார்த்தவர். 2016 அக்டோபர் 28 அன்று திடீரென்று வேலையிலிருந்து நீக்கப்பட்டார். மூட்டை கட்ட அவருக்குக் கிடைத்தது சில மணி நேரம்தான். முதலாளியின் மகன் கார்ல் லியூவின் வீட்டையும் அலுவலகத்தையும் தன்னைச் சுத்தம் செய்யவைத்தது குறித்து மனிதவள அமைச்சிடம் புகார் செய்வேன் என்று அப்போது சொன்னார். வேலை அனுமதிச் சீட்டில் குறிப்பிட்ட வீட்டைத் தவிர வேறு எங்கும் பணிப்பெண்ணைப் பொதுவாக வேலை வாங்கக்கூடாது என்பது சட்டம். அவருடைய பொருள்கள் மூன்று பெரிய பெட்டிகளில் அடைக்கப்பட்டன. அவர் ஊருக்குக் கிளம்பிய பிறகு குடும்பத்தார் அந்தப் பெட்டிகளைத் திறந்து பார்த்து, அக்டோபர் 30 அன்று காவல்துறையில் திருட்டுப் புகார் கொடுத்தார்கள். டிசம்பர் 2 அன்று மறுபடி வேலை தேடி சிங்கப்பூருக்கு வந்த பார்த்தி, வந்து இறங்கியதும் கைதானார்.

அடுத்த நான்கு ஆண்டுகள் அவர் ஊர் திரும்ப முடியவில்லை. வெளிநாட்டுத் தொழிலாளர் நலனுக்காக உழைக்கும் ‘ஹோம்’ அமைப்பின் காப்பகத்தில், சம்பளம் இல்லாமல், வழக்குத் தேதிகளுக்காகக் காத்திருந்தார்.

2019 மார்ச்சில் மாவட்ட நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. 34,000 வெள்ளி மதிப்புள்ள பொருள்களைத் திருடினார் என்பது தீர்ப்பு. தண்டனை 26 மாதச் சிறை. பிணையில் இருந்தபடியே மேல்முறையீடு செய்ததால் அந்த 26 மாதங்களை அவர் சிறையில் கழிக்க நேரவில்லை. 2020 செப்டம்பர் 4 அன்று உயர் நீதிமன்ற நீதிபதி சான் செங் ஓன், மேல்முறையீட்டிலிருந்த நான்கு குற்றச்சாட்டுகளிலிருந்தும் அவரை விடுவித்தார்.

அந்தத் தீர்ப்பைப் பொறுமையாக வாசித்தால், ஒரு வழக்கு எத்தனை சின்னச் சின்ன இடங்களில் வழுக்கிச் சறுக்க முடியும் என்பது தெரியும். புகார் கொடுத்து ஐந்து வாரம் கழித்துத்தான் காவல்துறை அந்த வீட்டுக்கு நேரில் போனது. அதுவரை சாட்சியப் பொருள்கள் புகார் கொடுத்தவர்களின் கையிலேயே இருந்தன. பெட்டிக்குள் இருந்தது எது, வெளியே இருந்து வந்து சேர்ந்தது எது என்று உறுதியாகச் சொல்ல முடியாத நிலை. வாக்குமூலம் எடுக்கும்போது பஹாசா இந்தோனேசியா தெரிந்த மொழிபெயர்ப்பாளர் முறையாகத் தரப்படவில்லை. பிரிட்டனில் வாங்கி 2002க்கு முன்பே கொண்டுவந்ததாகக் கார்ல் லியூ சொன்ன இளஞ்சிவப்புக் கத்தி, அந்தக் காலத்தில் இருந்திருக்கவே முடியாத நவீன வடிவத்தில் இருந்தது. தன்னுடையவை என்று அவர் உரிமை கோரிய துணிகளில் பெண்கள் உடைகளும் இருந்தன. ஒரு பயனியர் டிவிடி கருவி ஓடுமா ஓடாதா என்பது பற்றிய குறுக்கு விசாரணையில், அந்தக் கருவியின் கோளாறு பார்த்திக்கு முழுமையாகச் சொல்லப்படவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மனிதவள அமைச்சிடம் அவர் புகார் செய்வதை முந்திக்கொண்டு தடுக்கும் தகாத நோக்கம் குடும்பத்தாருக்கு இருந்ததாக நீதிபதி கருதினார்.

இவற்றில் பெரும்பாலானவை முதல் விசாரணையின்போதும் கோப்பில் இருந்தவைதான். புதிதாக எந்தச் சாட்சியும் வந்து குதிக்கவில்லை. அதே சாட்சியத்தை வேறு கண்கள் வேறு விதமாகப் பார்த்தன. வழக்கறிஞர் அனில் பல்சந்தானி கட்டணம் வாங்காமல் ஆண்டுக்கணக்கில் அந்தப் பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கேள்வி கேட்டிருக்காவிட்டால், அந்தப் பெண் 26 மாதம் சிறையில் இருந்துவிட்டுத் திருடி என்ற பட்டத்தோடு ஊர் போயிருப்பார். குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தால் இன்னும் விரைவாகவே ஊர் போயிருக்கலாம். சம்பளமும் இல்லை, ஊர் திரும்பவும் வழியில்லை என்ற நிலையில் இருப்பவருக்கு அந்த ஆசை எத்தனை பெரியது என்று யோசித்துப் பாருங்கள்.

விளைவுகள் சில உடனே வந்தன. தீர்ப்பு வந்த ஒரு வாரத்துக்குள் லியூ மன் லியோங் தம் பொறுப்புகளிலிருந்து விலகினார். 2020 நவம்பர் 4 அன்று நாடாளுமன்றத்தில் அப்போதைய உள்துறை, சட்ட அமைச்சர் கா. சண்முகம் நீண்ட அறிக்கை வாசித்தார். பாட்டாளிக் கட்சியின் சில்வியா லிம் நீதிமுறையின் குறைகளைக் களையக் கோரும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அதற்கு மக்கள் செயல் கட்சியின் முரளி பிள்ளை திருத்தம் முன்மொழிந்தார். கார்ல் லியூ, பொதுச் சேவை அதிகாரிக்குப் பொய்த் தகவல் தந்ததாக ஒப்புக்கொண்டு 2023 ஏப்ரலில் இரண்டு வாரச் சிறைத் தண்டனை பெற்றார். அரசுத் தரப்பும் தற்காப்புத் தரப்பும் அபராதம் போதும் என்றிருந்தன. நீதிபதிதான் அது போதாது என்றார்.

இனி, அதிகம் பேசப்படாத பகுதி.

சிங்கப்பூர்க் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 355ஆம் பிரிவு, விடுவிக்கப்பட்டவருக்கு அரசுத் தரப்பு இழப்பீடு தர நீதிமன்றம் உத்தரவிடலாம் என்கிறது. உச்சவரம்பு 10,000 வெள்ளி. ஆனால் அதைப் பெற ஒரு கதவைத் தாண்ட வேண்டும்: அரசுத் தரப்பு தொடுத்த வழக்கு அற்பமானது, அல்லது தொல்லை தரும் நோக்கம் கொண்டது என்று விடுவிக்கப்பட்டவரே நிரூபிக்க வேண்டும். இழந்த சம்பளம், தங்குமிடம் எல்லாம் சேர்த்து 70,000 வெள்ளிக்கும் மேல் இழப்பு என்று கணக்குக் காட்டி, சட்டம் அனுமதிக்கும் 10,000 வெள்ளியைப் பார்த்தி கேட்டார். 2021 ஜூன் 21 அன்று அந்த மனு தள்ளுபடியானது. தள்ளுபடி செய்தவர் அவரை விடுவித்த அதே நீதிபதி சான் செங் ஓன்.

நீதிபதியைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. விசாரணைக்குப் போதுமான சாட்சியம் அரசுத் தரப்பிடம் இருந்தது. வழக்கை முழுமையாகப் பார்க்கும்போது அதை அற்பம் என்றோ தொல்லை என்றோ சொல்ல முடியாது. சட்டத்தின் வாசகத்தை அவர் அப்படியே பின்பற்றினார். குறை சட்டத்தில்தான் இருக்கிறது. “உங்களுக்கு நடந்தது தவறு, ஆனால் தவறு செய்தவர் கெட்ட எண்ணத்தோடு செய்ததாகக் காட்ட முடியவில்லை, எனவே உங்கள் நான்கு ஆண்டுகள் உங்கள் கணக்கிலேயே இருக்கட்டும்” என்பதுதான் அதன் பொருள். யாரும் தீய எண்ணம் கொள்ளாமலேயே ஒரு மனிதரின் வாழ்க்கை நொறுங்க முடியும். ஒருவர் தாமதமாகப் போனார், ஒருவர் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை, ஒருவர் நம்பக்கூடாத சாட்சியை நம்பினார். தவறான தீர்ப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் உருவாகின்றன. அவற்றையெல்லாம் வெளியே நிறுத்திவிட்டு, கெட்ட எண்ணத்துக்கு மட்டும் காசு தரும் சட்டம், தன் முன் வரும் பெரும்பாலான மனிதர்களுக்கு ஒன்றுமே தராது.

பார்த்தியின் வழக்கில் மேல்முறையீட்டு வாசல் திறந்திருந்தது. அந்த வாசலும் மூடிவிட்டால் என்ன ஆகும்?

இதற்கு நம் பக்கத்து மண்ணிலிருந்து வந்த ஒருவரின் கதையைச் சொல்ல வேண்டும். கோபி அவெடியான் மலேசியத் தமிழர். மகளின் அறுவை சிகிச்சைக்குப் பணம் தேவைப்பட்டது. சாக்லேட்டில் கலந்த, கேளிக்கை விடுதிகளில் புழங்கும் லேசான போதைப்பொருள் என்று ஒருவர் சொன்னதை நம்பி, பொட்டலங்களைச் சிங்கப்பூருக்குள் கொண்டுவரச் சம்மதித்ததாக அவர் சொன்னார். 2014 டிசம்பரில் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் பிடிபட்டார். உள்ளே இருந்தது 40.22 கிராம் டயமார்ஃபின். 15 கிராமைத் தாண்டினால் மரண தண்டனை என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். 2017இல் உயர் நீதிமன்றம் அவர் சொன்னதை ஏற்று, குறைந்த குற்றச்சாட்டில் 15 ஆண்டுச் சிறையும் 10 பிரம்படியும் விதித்தது. அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்ய, 2018 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி மரண தண்டனை விதித்தது. அதற்கு மேல் போக நீதிமன்றம் இல்லை.

ஏழு மாதம் கழித்து, 2019 மே மாதம், முற்றிலும் வேறொருவரின் வழக்கில் அதே நீதிமன்றம் ஒரு சட்டக் கேள்விக்குப் புதிய விடை சொன்னது. போதைப்பொருள் என்று ஒருவருக்கு உண்மையிலேயே தெரிந்திருந்தது என்பதும், தெரிந்துகொள்ளாமல் வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொண்டார் என்பதும் வெவ்வேறு. அவருக்குத் தெரிந்திருந்தது என்று சட்டம் அனுமதிக்கும் முன்னனுமானத்தை இரண்டாவதற்குப் பயன்படுத்த முடியாது என்றது. கோபிக்கு எதிராக விசாரணையில் அரசுத் தரப்பு முன்வைத்தது அந்த இரண்டாவது வாதத்தைத்தான். வழக்கறிஞர் எம். ரவி மறுபரிசீலனை கேட்டார். 2020 அக்டோபர் 19 அன்று தலைமை நீதிபதி சுந்தரேஷ் மேனன் தலைமையிலான அமர்வு தன் தீர்ப்பைத் தானே ரத்து செய்தது. மரண தண்டனை போய், பழைய 15 ஆண்டும் 10 பிரம்படியும் திரும்பின.

கோபி எதையும் சுமந்து வராதவர் அல்ல. அவரும் அப்படிச் சொல்லவில்லை. செய்த குற்றத்துக்குத் தண்டனை பெற்றார். ஆனால் தாம் செய்யாத பெரிய குற்றத்துக்காக ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தூக்குக்காகக் காத்திருந்தார். இன்னொருவர் வழக்கில் வந்த தீர்ப்பு சற்றுத் தள்ளிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுதக் கை வரவில்லை.

அதே 2020 செப்டம்பரில், இன்னொரு போதைப்பொருள் வழக்கில், நைஜீரியாவைச் சேர்ந்த இலெசுக்வு உசேசுக்வு சுக்வுடி விடுவிக்கப்பட்டார். அவரை உயர் நீதிமன்றம் 2014இல் விடுவித்தது, மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015இல் குற்றவாளி என்றது. விசாரணை அதிகாரிகளிடம் அவர் பொய் சொன்னது அவருக்கு எதிராக எடை போடப்பட்டது. சிறுவயதில் கண்ணால் கண்ட படுகொலையின் பாதிப்பால் அவருக்கு மனவடு நோய் இருந்தது, அதுவே அந்தப் பொய்களுக்குக் காரணமாகலாம் என்ற மருத்துவ அறிக்கை பிற்பாடுதான் வந்தது. கைதாகி ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் கழித்து, பெரும்பான்மைத் தீர்ப்பில் அவர் வெளியே வந்தார்.

இவை நம் நீதிமன்றங்களுக்குப் பெருமை சேர்ப்பவை என்பதில் ஐயமில்லை. நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் “நாங்கள் முன்பு சொன்னது நிற்காது” என்று திறந்த மன்றத்தில் சொல்வது எளிய காரியமில்லை. ஆனால் அந்த வாசல் எத்தனை குறுகலானது என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். 2018இல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட விதிகளின்படி, மறுபரிசீலனை கேட்க முதலில் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். முன்பு வைக்கப்படாத, முயன்றிருந்தாலும் முன்பே வைத்திருக்க முடியாத, வலுவான ஆதாரம் வேண்டும். சட்ட வாதம் என்றால் சட்டமே மாறியிருக்க வேண்டும். பழைய தீர்ப்பு தவறு என்பதற்கு உறுதியான சாத்தியம் இருப்பதாகக் காட்ட வேண்டும். ஒரு தீர்ப்பை மறுபரிசீலனை செய்யக் கேட்க ஒரு வாய்ப்புதான். இவற்றையெல்லாம் செய்து முடிக்க, சிறைக்கு வெளியே அவருக்காக அலைய ஒருவர் வேண்டும். பார்த்தியின் வழக்கைப் போலச் சட்டம் மாறாமல், புதுச் சாட்சி வராமல், இருந்த சாட்சியம் தவறாக எடைபோடப்பட்ட வழக்கு இந்த வாசலுக்கு வந்தால் நுழைய முடியாது.

பிரிட்டன் இதற்கு வேறொரு வழி வைத்திருக்கிறது. 1997இலிருந்து அங்கே குற்ற வழக்குகள் மறுஆய்வு ஆணையம் இயங்குகிறது. தண்டனை பெற்றவர் விண்ணப்பித்தால், காவல்துறைக் கோப்புகளைக் கேட்டுப் பெறும் அதிகாரம் அந்த ஆணையத்துக்கு உண்டு. தவறு நடந்திருக்க வாய்ப்பிருந்தால் அதுவே வழக்கை நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பும். 500க்கும் மேற்பட்ட தீர்ப்புகள் அந்த வழியில் திருத்தப்பட்டிருக்கின்றன. அதுவும் குறையில்லாதது இல்லை: செய்யாத பாலியல் குற்றத்துக்காக 17 ஆண்டு சிறையிலிருந்த ஆண்ட்ரூ மல்கின்சனின் விண்ணப்பத்தை அது இருமுறை நிராகரித்தது; 2023 ஜூலையில்தான் அவருக்கு எதிரான தீர்ப்பு ரத்தானது. அது ரத்தானதும் பிரிட்டிஷ் மக்களைக் கொதிக்க வைத்த இன்னொரு செய்தியும் வெளிச்சத்துக்கு வந்தது. தவறாகச் சிறையில் இருந்தவருக்கு இழப்பீடு தரும்போது, சிறையில் சாப்பிட்டு உறங்கியதால் அவர் மிச்சப்படுத்திய செலவைக் கழித்துக்கொள்ளும் பழக்கம் அங்கே இருந்தது. அடுத்த மாதமே அரசு அதைக் கைவிட்டது.

தமிழ்நாட்டுப் பக்கம் வருவோம். தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் 2011இல் ஓர் இளம் இணை கொல்லப்பட்ட வழக்கில், கட்டவெள்ளை என்பவருக்குக் கீழ் நீதிமன்றம் 2018இல் மரண தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019இல் உறுதி செய்தது. 2025 ஜூலை 15 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. மரபணு மாதிரிகளை எடுத்தவர்கள் யார், எங்கே வைத்தார்கள், யார் கையிலிருந்து யார் கைக்குப் போயின என்பதற்கு ஒழுங்கான பதிவே இல்லை என்பது முக்கியக் காரணம். பார்த்தியின் பெட்டிகளுக்கு நேர்ந்த அதே குறை, இங்கே தூக்குக் கயிறு வரை போயிருந்தது. அந்தத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், தவறாகச் சிறையில் அடைக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரும் சட்டம் பற்றி நாடாளுமன்றம் யோசிக்க வேண்டும் என்றும் குறிப்பிட்டது.

யோசிக்கச் சொல்வது இது முதல் தடவை இல்லை. முசாஃபர்பூர் சிறையில் ருதுல் ஷா என்பவர் விடுதலையான பிறகும் 14 ஆண்டுகள் அடைக்கப்பட்டிருந்தார்; 1983இல் உச்ச நீதிமன்றம் கொடுக்கச் சொன்னது மொத்தம் 35,000 ரூபாய். மகாராஷ்டிராவில் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஆறு பேருக்கு உச்ச நீதிமன்றமே 2009இல் தூக்குத் தண்டனை விதித்தது. 2019இல் அதே நீதிமன்றம் அவர்கள் குற்றமற்றவர்கள் என்று விடுவித்து, ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. நாகர்கோவிலைச் சேர்ந்த விண்வெளி விஞ்ஞானி நம்பி நாராயணனுக்கு, பொய்யான உளவு வழக்கில் 1994இல் கைதானதற்காக 2018இல் 50 லட்சம். அவர் தண்டிக்கப்படக்கூட இல்லை, ஆனால் நாடறிந்த விஞ்ஞானி. யாருக்கு எவ்வளவு என்பதை எந்தச் சட்டமும் தீர்மானிக்கவில்லை. அந்த நீதிபதி, அந்த நாள், அந்த மனிதரின் பெயர் ஆகியவை தீர்மானித்தன. இந்தியச் சட்ட ஆணையம் 2018 ஆகஸ்டில் தன் 277ஆவது அறிக்கையில் இதற்கெனத் தனிச் சட்டமும் சிறப்பு நீதிமன்றங்களும் வேண்டும் என்று விரிவாக எழுதியது. சட்டம் இன்னும் வரவில்லை.

அமெரிக்காவில் கூட்டரசு நீதிமன்றம் தவறாகத் தண்டித்தால், சிறையிலிருந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 50,000 டாலர் வரை, மரண தண்டனைக்காகக் காத்திருந்த ஆண்டுக்கு 100,000 டாலர் வரை பெறலாம். தொகை போதுமா என்று கேட்கலாம். ஆனால் அங்கே, உரிமை கோருபவர் யாருடைய தீய எண்ணத்தையும் நிரூபிக்க வேண்டியதில்லை; தாம் குற்றம் செய்யவில்லை, தம் தவறான நடத்தையால் வழக்கை வரவழைத்துக்கொள்ளவும் இல்லை என்பதைக் காட்ட வேண்டும்.

இத்தகைய இழப்பீடு சிங்கப்பூருக்கு வேண்டாம் என்பதற்கும் ஒரு வாதம் இருக்கிறது, அதை ஒதுக்கிவிட முடியாது. விடுதலை என்பது எப்போதும் நிரபராதி என்பதாகாது. ஐயத்தின் பலனை அளித்து விடுவிப்பதும் உண்டு. தோற்கும் ஒவ்வொரு வழக்குக்கும் பணம் கட்ட வேண்டும் என்றால், வழக்குத் தொடுக்க வேண்டிய இடத்திலும் அதிகாரிகள் தயங்குவார்கள். பாதிக்கப்பட்டவர்களுக்கு நியாயம் கிடைக்காது. இது நேர்மையான கவலை. ஆனால் இதற்கு விடை இருக்கிறது. முதல் விசாரணையிலேயே விடுவிக்கப்பட்டவரையும், குற்றவாளி என்று தீர்ப்புப் பெற்ற பிறகு அது ரத்தானவரையும் சட்டம் தனித்தனியாகப் பார்க்கலாம். இரண்டாவது வகையில் அரசின் ஒரு கை செய்ததை இன்னொரு கை தவறென்று அறிவித்துவிட்டது. அந்த இடத்தில் மட்டுமாவது, எவர் எண்ணத்தையும் ஆராயாமல், இழந்த சம்பளத்தையும் இழந்த காலத்தையும் கணக்கிட்டுத் தரலாம். இழப்பீடு கட்டப்போவது எந்த அதிகாரியும் தம் சொந்தப் பணத்திலிருந்து அல்ல, எனவே அதிகாரிகள் தயங்குவார்கள் என்ற அச்சமும் பெரிதில்லை.

நாட்டில் ஒன்றுமே மாறவில்லை என்று சொன்னால் அது உண்மையாகாது. 2022 டிசம்பரில் பொதுத் தற்காப்பு வழக்கறிஞர் அலுவலகம் தொடங்கியது. வசதியில்லாதவர்களுக்கு அரசுச் செலவில் வழக்கறிஞர் கிடைப்பது பெரிய முன்னேற்றம். ஆனால் அது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. பார்த்தி இன்று கைதானாலும் அந்த அலுவலகத்தின் உதவி அவருக்குக் கிடைக்காது. வெளிநாட்டவர் இன்னமும் சட்டச் சங்கத்தினரின் தொண்டையும், ‘ஹோம்’ போன்ற அமைப்புகளையும்தான் நம்பியிருக்க வேண்டும்.

உங்கள் வீட்டுக்கு வருவோம். பணிப்பெண் திருடினால் புகார் கொடுக்கக்கூடாது என்று இந்த மடல் சொல்லவில்லை. திருட்டு நடந்தால் காவல்துறைக்குப் போவது உங்கள் உரிமை. ஆனால் அவரை வேலையிலிருந்து அனுப்பும் நாளில் சில விஷயங்கள் உங்கள் கையில் இருக்கின்றன. ஒரு நாளாவது முன்பாகச் சொல்லுங்கள். அவர் கண் முன்னால், அவரோடு சேர்ந்து பெட்டியைக் கட்டுங்கள். இரு தரப்பும் பார்த்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய பழைய பையையோ கைப்பேசியையோ அவருக்குக் கொடுத்திருந்தால், கொடுத்ததாக ஒரு வரி எழுதிக் கொடுங்கள். உங்கள் அக்கா வீட்டுச் சமையலுக்கோ அண்ணன் கடைக்கோ அவரை அனுப்பாதீர்கள்; அது சட்டத்துக்கு எதிரானது. பார்த்தியின் விஷயத்தில் அந்த மீறலுக்கு மனிதவள அமைச்சு கொடுத்தது எச்சரிக்கையும் அறிவுரையும் மட்டுமே. சந்தேகம் வந்தால், பொருள்களை நீங்கள் தொட்டுக் கலைக்காமல் அப்படியே விட்டுவிட்டுப் புகார் கொடுங்கள். அது உங்களுக்கும் நல்லது, அவருக்கும் நல்லது.

இன்னொன்றும் உங்கள் கையில் இருக்கிறது. உங்கள் வீடு செங்காங் குழுத்தொகுதியில் இருந்தாலும் சரி, ஃபெர்ன்வேல் பக்கம் ஜாலான் காயூ தனித்தொகுதியில் இருந்தாலும் சரி, உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் மக்கள் சந்திப்பு நடத்துகிறார். வீட்டுக் குத்தகை, பள்ளி இடம், பார்க்கிங் அபராதம் என்று அங்கே போகிறீர்கள். ஒருமுறை இதற்காகவும் போங்கள். நாலைந்து குடும்பமாகச் சேர்ந்து போனால் இன்னும் நல்லது. கேட்க வேண்டியவை அதிகமில்லை. கடந்த பத்து ஆண்டுகளில் மேல்முறையீட்டில் எத்தனை தண்டனைகள் ரத்தாகியிருக்கின்றன? அவர்களில் எத்தனை பேர் 355ஆம் பிரிவின் கீழ் இழப்பீடு கேட்டார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது, எவ்வளவு? தண்டனை ரத்தானவர்கள் தீய எண்ணத்தை நிரூபிக்காமலேயே இழப்பீடு பெறும்படி அந்தப் பிரிவைத் திருத்தச் சட்ட அமைச்சு தயாரா? பொதுத் தற்காப்பு வழக்கறிஞரின் உதவியை, இங்கே வேலை அனுமதியில் இருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் நீட்டிக்க முடியுமா? இவற்றை நாடாளுமன்றத்தில் எழுத்துபூர்வக் கேள்விகளாகவே தாக்கல் செய்யச் சொல்லுங்கள். வரும் பதிலின் படியொன்றை வாங்கி, உங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் பணிப்பெண்களில் தமிழ் தெரிந்தவர்களிடமும் கொடுங்கள்.

அன்புடன்,
செங்காங் வாசி ஒருவர்